ஒவ்வாமையில்லா நாசியழற்சிக்குக் கேப்சைசின் சிகிச்சை எங்கே கிடைக்கும்?

கோவையில் வசிக்கும் எனக்கு 2021 இறுதியிலிருந்து மூக்கில் ஓயாமல் நீர் வடிகிறது. குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, தாளிக்கும் நெடி, ஏசி அறை என எது பட்டாலும் அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் சேர்ந்துகொள்கின்றன. கண் அரிப்போ காய்ச்சலோ இல்லை. ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனையிலும் ரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தென்படவில்லை. சைனஸ் சிடி ஸ்கேனும் தெளிவாகவே இருந்ததால், இது ஒவ்வாமையில்லா நாள்பட்ட நாசியழற்சி என்று மருத்துவர் முடிவுசெய்தார்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், செட்டிரிசின் மாத்திரை, மாதக்கணக்கில் ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே, பிறகு அசெலாஸ்டின் ஸ்பிரே ஆகிய அனைத்தையும் முறைப்படி பயன்படுத்திவிட்டேன். கடைசி மருந்து மட்டும் சற்றுப் பலன் தந்தது. நிறுத்தியதும் பழைய நிலைதான்.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை, மூக்கை மரத்துப்போகச் செய்தபின், ஒரே நாளில் ஒரு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை செலுத்தும் சிகிச்சையைப் பற்றி நெதர்லாந்து மருத்துவர்கள் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிகையாகத் தூண்டப்படும் நரம்பிழைகளை அது அடக்குவதாகவும், நிவாரணம் மாதக்கணக்கில் நீடிப்பதாகவும் படித்ததே எனக்குப் பெரும் நம்பிக்கை அளிக்கிறது. வீட்டில் மிளகாயைக் கரைத்து விடுவது ஆபத்தானது என்பதால் அந்த யோசனை வேண்டாம்.

அளவிட்டுத் தயாரித்த கேப்சைசினை மருத்துவக் கண்காணிப்பில் மூக்கினுள் செலுத்தும் காது மூக்கு தொண்டைப் பிரிவு தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ எங்கேனும் உள்ளதா?