ஆறு நாள் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது?

கேள்வி:
அடைவைத்த முட்டைகளில் பதினொன்று பொரித்து இன்றோடு ஆறு நாள்கள் ஆகின்றன. சேவல் குஞ்சுகளையும் பெட்டைக் குஞ்சுகளையும் இப்போதே பிரித்தறிய விரும்புகிறேன். கூர்முனை முட்டையிலிருந்து வருவது சேவல் என்று ஒருவரும், இறக்கையை விரித்துப் பார்த்தாலே போதும் என்று இன்னொருவரும் கூறினார்கள். காணொளியில் கண்டபடி கழிவாயைப் பிதுக்கிப் பார்க்க முயன்றபோது ஒரு குஞ்சு சோர்ந்துவிட்டதால் அஞ்சி நிறுத்திவிட்டேன். எந்த முறையை நம்பலாம்?

மறுமொழி:
முதலில், பிதுக்குவதை மீண்டும் முயலாதீர்கள். 1933இல் மசூயி, ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர்களின் நூலால் உலகெங்கும் பரவிய அந்த முறையில், பொரித்து ஒரு நாளுக்குள் கழிவாயின் உள்ளே இருக்கும் மிகச் சிறிய புடைப்பைப் பார்க்க வேண்டும். சில பெட்டைகளுக்கும் அப்புடைப்பு இருப்பதால், நீண்ட பயிற்சி பெற்றவர்களே சரியாகச் சொல்ல முடியும். பழகாத கை குஞ்சின் உட்புறத்தைக் காயப்படுத்திவிடும்.

முட்டையின் வடிவம் எதையும் காட்டாது. கோழிகளில் பாலைத் தீர்மானிப்பது தாயின் கருமுட்டை. அது இசட் குரோமோசோமைக் கொண்டிருந்தால் சேவலும், டபிள்யூ குரோமோசோமைக் கொண்டிருந்தால் பெட்டையும் உருவாகும். ஓடு அதன் பிறகே கருமுட்டைக் குழாயில் உருவாகிறது.

மறுமொழி:
இறக்கை முறை பொய்யன்று, ஆனால் எல்லாக் குஞ்சுகளுக்கும் பொருந்தாது. இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணு இசட் குரோமோசோமில் உள்ளது. மெதுவாக முளைக்கும் இனப் பெட்டையை விரைவாக முளைக்கும் இனச் சேவலோடு சேர்த்தால், தந்தையின் இசட் மட்டுமே பெறும் மகள்களுக்கு இறகு விரைவாகவும், தாயின் இசட்டையும் பெறும் மகன்களுக்கு மெதுவாகவும் வளரும். அப்போதும் முதல் ஓரிரு நாள்களில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். உங்கள் குஞ்சுகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பெற்றோர் எந்த இனம் என்று கூறுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தந்தை ரோட் ஐலண்ட் ரெட் சேவல். தாய்களில் ஒன்று வரிவரியான பிளைமவுத் ராக், மற்றொன்று தந்தையின் இனமே. குஞ்சுகளில் ஐந்து கறுப்புத் தூவியுடனும், ஆறு செந்நிறத்திலும் உள்ளன.

மறுமொழி:
அப்படியானால் கறுப்புக் குஞ்சுகளைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்வாய்ப்பு. வரி மரபணுவும் இசட் குரோமோசோமில்தான் உள்ளது. வரிப் பெட்டை அதை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. எனவே தலையின் மேல் வெண்பொட்டு உள்ள கறுப்புக் குஞ்சு சேவல், பொட்டில்லாதது பெட்டை. வளர்ந்தபின் சேவல்களுக்கு உடலெங்கும் வரிகள் தோன்றும், பெட்டைகள் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும்.

செந்நிறக் குஞ்சுகளுக்கு இத்தகைய குறுக்குவழி இல்லை. ஆறாவது வாரத்தையொட்டி கொண்டையும் தாடியும் விரைவாகச் சிவந்து பெருப்பவை பெரும்பாலும் சேவல்கள். பிறகு முதுகின் பின்பகுதியில் நீண்டு கூரான இறகுகள் முளைத்தால் ஐயமே வேண்டாம். பெட்டைக்கு அவ்விடத்து இறகுகளின் முனை உருண்டிருக்கும். அதுவரை எதையும் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போதே பார்த்தேன்: கறுப்புக் குஞ்சுகளில் மூன்றின் தலையில் பொட்டு இருக்கிறது, இரண்டில் இல்லை. சோர்ந்திருந்த குஞ்சும் செந்நிறத்தது. இப்போது நன்றாகத் தீனி எடுக்கிறது.