வாலிபர்களின் வெளிநாட்டு மிஷன் ட்ரிப்: அனுப்பலாமா, நிறுத்தலாமா?

நெகேமியாதாசன்:
ஸ்தோத்திரம். பத்து நாள், இரண்டு வாரம் என்று வாலிபர்களை வெளிநாட்டு ஊழியத்துக்குக் கூட்டிப் போவதைச் சபைகள் நிறுத்த வேண்டும். இதுதான் என் கட்சி.

1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சீரழித்த பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் அங்கே வீடு கட்டப் போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் அந்தக் கணக்கைப் பார்த்தார். பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர். உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு கட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். வெளிநாட்டார் ஒரு வீடு கட்டிய பணத்தில் பதினைந்து குடும்பங்கள் குடியேறியிருக்கலாம். காணிக்கைப் பணத்துக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் நாம். அந்தப் பதினான்கு வீடுகளுக்கு என்ன பதில் சொல்வோம்?

அந்தியோகியா:
பிரதர், கணக்கு சரி. ஆனால் அந்த 30,000 டாலரும் வீடு கட்ட ஒதுக்கிய பணம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பெரும்பகுதி அந்த வாலிபர்களின் பயணத்துக்கென்றே பெற்றோரும் சபையாரும் கொடுத்தது. ட்ரிப் இல்லையென்றால் அது ஹோண்டுராஸுக்குப் போயிருக்காது.

இன்னொன்று, பயணத்தின் பலனைக் கட்டின சுவரில் மட்டும் தேடக் கூடாது. பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர், மிஷனரியாக ஆகவே கூடாது என்றிருந்த இளம்பெண். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத்தான் திண்டிவனம் வந்தார். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அதன் பிறகே அவர் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். நேரில் பார்க்காமல் அந்த அழைப்பு வந்திருக்குமா?

நெகேமியாதாசன்:
ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு வார விருந்தாளி இல்லை. அந்த இரவுக்குப் பிறகு அவர் என்ன செய்தார்? அங்கேயே ஒரு முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகவில்லை. வருஷக்கணக்கில் படித்துவிட்டு வந்தார். உங்கள் உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது.

கல்தச்சன்:
நான் சுவர் விஷயத்தை மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நல்ல மனசு அதிகம் வீணாகிறது.

1:6 கலவை என்றால் ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல். தண்ணீர் சேர்த்த அரை மணி நேரத்துக்குள் தீர்க்கிற அளவுக்குத்தான் குழைக்க வேண்டும். வாலிபர் குழு காலையில் பெரிய குவியலாகக் குழைத்துவிடும். பாட்டு, ஜெபம், படம் முடிவதற்குள் கலவை இறுகிவிடும். உடனே மேலே தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். பிடிக்கத் தொடங்கிய சிமெண்டை உடைத்து மறுபடி ஈரமாக்கினால் அதற்குப் பலம் கிடையாது. கரணையால் தட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த மழையில் இடுக்கிலிருந்து மணலாக உதிரும்.

அடுத்தது செங்கல். நனைக்காத கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கீழ் வரிசை இடுக்கும் மேல் வரிசை இடுக்கும் ஒரே நேர்கோட்டில் வந்தால், விரிசல் அந்தக் கோட்டிலேயே ஏறும். மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு விட வேண்டும். ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றினால் அடி வரிசை பிதுங்கும். ஆனால் குழுவுக்கோ விமானத்துக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரம். குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டிய சுவரை முந்தின நாள் கட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

ஆகவே சுவர் கட்டுவது உள்ளூர்க் கொத்தனாரின் வேலை. அவருக்கு உள்ளூர்க் கூலியைப் பட்ஜெட்டிலேயே வையுங்கள். வாலிபர்கள் சித்தாள் வேலை பார்க்கட்டும்: மணல் சலிப்பது, கல் நனைப்பது, சுமப்பது, முந்தின வாரச் சுவருக்குத் தண்ணீர் காட்டுவது. இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற பிள்ளையை அனுப்பவே வேண்டாம்.

அந்தியோகியா:
அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். உள்ளூர் ஆளுக்குக் கீழே வேலை செய்யப் பழகுவதே நல்ல பயிற்சி. இது ட்ரிப்பை நிறுத்தச் சொல்கிற வாதம் இல்லையே, திருத்தச் சொல்கிற வாதம்தானே?

மருந்துப்பெட்டி:
நான் இரண்டு கட்சியிலும் இல்லை, நர்ஸ். ஆனால் போவதென்று முடிவானால் ஆறு வாரத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். கடைசி வாரம் வந்து எல்லா ஊசியும் கேட்டால் பயனில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கிற நாடு என்றால், போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு, மறுபடி போட வேண்டியதில்லை. டைபாய்டு ஊசிக்குக் குறைந்தது இரண்டு வார அவகாசம் வேண்டும்.

மலேரியா மாத்திரையில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். போகும்போது ஒழுங்காக விழுங்குவார்கள், வீடு திரும்பியதும் நிறுத்திவிடுவார்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்த ஊரைவிட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி பிறகுதான் ரத்தத்துக்கு வரும், இந்த மருந்து அதை ரத்தத்தில்தான் பிடிக்கும். அடோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலிலேயே வேலை செய்வதால் ஏழு நாள் போதும். எது யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர் சொல்லட்டும். திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போனோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்குச் சிலவாவது இருக்கட்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து. உப்பு கூடினால் ஆபத்து. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரி. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

மருத்துவ முகாம் பற்றி ஒரே வார்த்தை: பயிற்சி இல்லாத பிள்ளை கையில் ஊசியும் கொடுக்காதீர்கள், மாத்திரையும் கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு பி.பி. மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் இரண்டாம் மாதம் அந்த அம்மா என்ன செய்வார்?

லீதியாள்:
எல்லாரும் விட்டுவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகள்.

2010 ஜனவரி 12 ஹெய்டியில் பூகம்பம். அந்த மாதக் கடைசியிலேயே பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்து அமெரிக்கர்கள், 33 பிள்ளைகளைத் தக்க ஆவணமில்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். கெட்ட நோக்கத்தோடு போனவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவசரமும் அறியாமையும் சேர்ந்தால் அன்பு எங்கே போய் முட்டும் என்பதற்கு இது சாட்சி.

குழந்தைகள் இல்லத்துக்குப் போவதைப் பயணத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள், அடுத்த மாதம் வேறு குழு வருகிறது. பிரிவுக்கு மேல் பிரிவு. பார்வையாளர் பணம் வரவர, இல்லத்தில் பிள்ளைகளைச் சேர்க்கவும் ஆள் கிளம்புகிறார்கள்.

வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தினாலும் கவனம். 20 நிமிடக் கதை மொழிபெயர்ப்போடு 40 நிமிடம் ஆகும், சின்னப் பிள்ளைகள் உட்காரமாட்டார்கள். எழுதியதை இரண்டு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். சிலேடையும் பழமொழியும் வேண்டாம். ஒரு பிள்ளையோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் உள்ளூர்க்காரர். பரிசுப் பொருளை உள்ளூர் சபை கையில் கொடுங்கள், வந்தவர்கள் தெருவில் நின்று விநியோகிக்கக் கூடாது. முகம் தெரியும் படத்தை ஊர் பெயரோடு இணையத்தில் போடவே கூடாது.

பிறகு அந்தக் கை தூக்கும் கணக்கு! "இத்தனை பிள்ளைகள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்" என்று சபையில் அறிக்கை வாசிக்கிறார்கள். குழுக்கள் மாறி மாறி வருகிற கிராமத்தில் அதே பிள்ளைகள் ஒவ்வொரு குழுவுக்கும் கை தூக்கியிருப்பார்கள். அந்த எண்ணை எழுதாதீர்கள்.

நெகேமியாதாசன்:
சிஸ்டர் சொன்னதோடு விசாவையும் சேர்க்கிறேன். டூரிஸ்ட் விசாவில் போய்ப் பிரசங்கம் பண்ணுவது பல நாடுகளில் குற்றம். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்த ஏழு நாளில் நாடு கடத்துவார்கள். அவர் வீடு திரும்புவார், கூட்டிவந்த உள்ளூர்ப் பாஸ்டர் என்ன ஆவார்? 2018 நவம்பரில் சுவிசேஷம் சொல்லப் போன 26 வயது அமெரிக்க வாலிபர், வெளியார் நுழையத் தடையுள்ள அந்தமானின் வட சென்டினல் தீவில் கொல்லப்பட்டார். அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள். சாட்சிக்குப் போகிறவர் வந்த நோக்கத்தை மறைத்துப் படிவம் நிரப்புவது என்ன சாட்சி?

அந்தியோகியா:
அதில் மறுபேச்சே இல்லை. தூதரகத்தில் எழுத்தாகக் கேளுங்கள். மத ஊழிய விசா வேண்டுமென்றால் அதற்கு விண்ணப்பியுங்கள், கிடைக்காவிட்டால் போகாதீர்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

ஆனாலும் என் பிடியை விடமாட்டேன். அப்போஸ்தலர் 13இல் அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. அதற்கு முன் பவுலும் பர்னபாவும் அங்கே ஒரு வருஷம் உபதேசித்திருந்தார்கள். சபையில் ஞாயிறு பள்ளி எடுக்காத பிள்ளையை விமானம் ஏற்றுவதுதான் தப்பு. நான்கு மாதம் ஆயத்தம், அந்த மொழியில் வாழ்த்தும் நன்றியும் சொல்லும் அளவுக்காவது பயிற்சி. கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கேயே உட்கார்ந்து, உள்ளூர் சபையார் குறை சொல்ல, பிள்ளைகள் கேட்க வேண்டும். மூன்றாம் மாதம் மறுபடி கூடி, யார் எந்த ஊழியத்தில் நிலைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் செய்கிற சபைக்கும் தடையா?

நெகேமியாதாசன்:
ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அழைப்புக் கடிதம் வந்தது என்பீர்கள். உங்களிடம் உதவி வாங்குகிற சபை எப்படி "வராதீர்கள்" என்று எழுதும்? ஆட்கள் வேண்டுமா, டிக்கெட் பணம் அப்படியே வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தியோகியா:
கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நாம் நேரடியாகக் கேட்டால் முகத்துக்காகத்தான் பதில் வரும். நம்மிடம் பணம் வாங்காத, அந்த நாட்டு மூத்த போதகர் ஒருவர் வழியாகக் கேட்போம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வருஷாந்தர உதவி குறையாது என்று அதே கடிதத்தில் எழுதிக் கொடுப்போம். பணம் என்று பதில் வந்தால் டிக்கெட் போடுவதில்லை.

நெகேமியாதாசன்:
அந்தக் கடிதம் போகிற வரைக்கும் வாலிபர்களிடம் காணிக்கைக் கவரைக் கொடுக்காதீர்கள். வசூலித்த பிறகு "பணம்" என்று பதில் வந்தால், கொடுத்தவர்களிடம் எதற்கென்று சொல்லி வாங்கினீர்களோ அது மாறிவிடும்.

அந்தியோகியா:
சம்மதம். கடிதம் முதலில், கவர் பிறகு.