கணினியில் சேமித்து வைத்த வைபை கடவுச்சொல்லைப் பார்ப்பது எப்படி?

களுவாஞ்சிகுடி மாணவி, மாலை 6.40
வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினி விண்டோஸ் 10. இயக்கியதும் தானாகவே வைபையில் இணைந்துவிடுகிறது. ஆனால் அம்மாவுக்குப் புதிதாக வாங்கிய கைப்பேசியை இணைக்க எங்களிடம் கடவுச்சொல் இல்லை. எல்லாவற்றையும் அமைத்துத் தந்த அண்ணா கட்டாரில் வேலை செய்கிறார். கேட்டால், "வீட்டுப் பெயரோடு ஏதோ இலக்கம் போட்டேன்" என்கிறார். எந்த இலக்கம் என்று அவருக்கே நினைவில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் இருப்பதைப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. அம்மா ரீலோட் செய்துதான் இரவில் அண்ணாவோடு பேசுகிறார். முகம் பார்த்துப் பேசினால் டேட்டா பாதியிலேயே முடிந்துவிடுகிறது. யாராவது உதவுங்கள்.

ஏறாவூர் வாசகர், 6.52
ரவுட்டரின் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கும். ஊசியால் பத்து விநாடி அழுத்துங்கள். தாளில் உள்ள கடவுச்சொல்லே திரும்பி வந்துவிடும்.

கல்முனை கணினி திருத்துநர், 7.15
தங்கச்சி, அந்தத் துளையைத் தயவுசெய்து தொடாதீர்கள். கடவுச்சொல்லோடு, இணைய இணைப்புக்காக உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயர் போன்ற விபரங்களும் அழிந்துபோகலாம். பிறகு இணைப்புத் தந்தவர்கள் வந்து சரிசெய்யும்வரை கணினியிலும் இணையம் இருக்காது. இப்படி அழித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் பலர்.

நீங்கள் தேடும் சொல் கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி எழுதி என்டரைத் தட்டுங்கள். அங்கே வைபை படத்தை வலது பக்கம் சொடுக்கி ஸ்டேட்டஸ், அதற்குள் வயர்லெஸ் புரொப்பர்டீஸ், அதற்குள் செக்யூரிட்டி. கருப்புப் புள்ளிகளாகத் தெரிவதுதான் கடவுச்சொல். கீழே உள்ள ஷோ கேரக்டர்ஸ் கட்டத்தில் சரி அடையாளம் இட்டால் எழுத்துகள் தெரியும். தெரிந்ததை இங்கே எழுதிவிடாதீர்கள்.

களுவாஞ்சிகுடி மாணவி, 7.38
புள்ளிகள்வரை வந்துவிட்டேன் அண்ணா. கட்டத்தைச் சொடுக்கியதும் அண்ணாவின் பயனர் பெயரைக் காட்டி அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதுவும் எனக்குத் தெரியாது.

கல்முனை கணினி திருத்துநர், 7.44
அப்படியென்றால் நீங்கள் சாதாரணப் பயனராக நுழைந்திருக்கிறீர்கள். நிர்வாகி கணக்கு அண்ணாவுடையது. நிர்வாகியின் அனுமதி இல்லாமல் விண்டோஸ் அந்தச் சொல்லைக் காட்டாது. அது பழுது அல்ல, பாதுகாப்பு. வைபை சொல்லை மறந்தவருக்கும் தன் கணினியைத் திறக்கும் சொல் நினைவிருக்கும். இன்றிரவு அவரிடம் அதை மட்டும் கேளுங்கள்.

காரைதீவு ஆசிரியை, 8.05
வீட்டில் யாருடைய கைப்பேசியாவது ஏற்கெனவே அந்த வைபையில் இணைந்திருந்தால் கணினியே தேவையில்லை மகள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், வைபை அமைப்பில் பகிர் என்பதைத் தொட்டால் கியூஆர் படம் வரும்; புதிய கைப்பேசியால் அதைப் படம்பிடித்தால் போதும். ஐபோன் என்றால், 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் கடவுச்சொல்லையே காட்டும்.

களுவாஞ்சிகுடி மாணவி, 9.20
அப்படி ஒன்றும் இல்லை ரீச்சர், இணைந்திருந்த பழைய கைப்பேசி பழுதாகிவிட்டது. அண்ணா கணினியின் சொல்லை உடனே சொல்லிவிட்டார்! வைபை கடவுச்சொல் இப்போது கண்முன்னே இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் மூன்று முறை எழுதியும் தவறு என்கிறது. தொடக்கத்தில் வேலிக் கம்புகள்போல மூன்று நெட்டைக் கோடுகள் நிற்கின்றன. மூன்றையும் எல் என்றே எழுதினேன்.

கல்முனை கணினி திருத்துநர், 9.27
அந்தப் பெட்டியின் எழுத்துருவில் பெரிய ஐ எழுத்தும் சிறிய எல் எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும். சொல்லை அப்படியே பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே பெரிய ஐக்கு மேலும் கீழும் குறுக்குக் கோடு இருக்கும்.

களுவாஞ்சிகுடி மாணவி, 9.41
முதல் கோடு பெரிய ஐ! மற்ற இரண்டும்தான் எல். இணைந்துவிட்டது அண்ணா, மிக்க நன்றி. அம்மா இப்போது முற்றத்தில் இருந்து அண்ணாவுக்கு முருங்கை மரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.