லோயர் செய்த போலோவுக்கு எந்த ஷாக்? முன்பக்கம் ‘டொம்’ சத்தம், ஸ்ட்ரட்டில் ஆயில் கசிவு

கோவை_போலோ:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பழைய ஓனரே லோயர் செய்து (உயரத்தை இறக்கி) வைத்திருந்தார். ‘35 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் நாலும் ஒரிஜினல்’ என்று சொன்னதோடு சரி, பில் எதுவும் இல்லை. பார்க்க அழகாக இருந்ததால் நானும் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொல்லை என்னவென்றால், முன்பக்கம் சின்னப் பள்ளத்துக்குக்கூட ‘டொம்’ என்று அடிக்கிறது. இடது முன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முன்சக்கரத் தூண்) ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கிறது. பின்சீட்டில் ஆள் ஏறினால் ஸ்பீடு பிரேக்கரில் அடியில் உரசுகிறது. முன் டயர் இரண்டும் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கின்றன.

பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டம், அவ்வப்போது குடும்பத்தோடு வால்பாறை. பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கில் பி6 போடுவதா, பி8 போடுவதா, இல்லை ஒரேயடியாக, உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயிலோவருக்கே போய்விடலாமா? மெக்கானிக் ‘பழைய மாதிரியே புது ஷாக் போட்டால் போதும்’ என்கிறார்.

டர்போ_தம்பி:

காயிலோவர் போடுங்க ப்ரோ. உயரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், ஊருக்குள் ஏற்றிக்கொண்டால் ஆச்சு.

ஸ்பேனர்_செட்:

தம்பி, எதை வாங்குவது என்பது அப்புறம். முதலில் அந்த ‘டொம்’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

லோயர் செய்த வண்டியில் முதலில் பறிபோவது சஸ்பென்ஷன் மேலே ஏறுவதற்கான இடம். சக்கரம் மேலே வந்து பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரைத் தொட முன்பு 70 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் 35 மி.மீ. இறக்கினால் பாதிதான் மிச்சம். நாலு பேர் ஏறினால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஸ்பிரிங்கில் ஓடுவதில்லை, பம்ப் ஸ்டாப் ரப்பரில் ஓடுகிறது. அந்த ரப்பரும் பொடிந்துவிட்டால் அடி நேராக ஷாக்குக்குள் இறங்கும். சீல் கசிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. இந்த நிலையில் பழைய மாதிரியே புது ஷாக் போட்டாலும் அடி வாங்கும் இடத்தில்தான் போய் நிற்கும்.

சோதிக்க ஒரு கேபிள் டை போதும். டஸ்ட் கவரை மேலே தூக்கி, ஸ்ட்ரட்டின் பளபளப்பான ராடில் டையைக் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டி, சிலிண்டரின் தலைக்கு மேல் ஒட்டி இறக்கி வையுங்கள். வழக்கமாகப் போகும் ரோட்டில் வழக்கமான ஆட்களோடு ஒரு சுற்று போய்விட்டு வந்து, டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்து நின்றால் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார்களே, அதை நம்பாதீர்கள். முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும். அப்புறம், பின்பக்க ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சும்மா கேட்கவில்லை.

கோவை_போலோ:

பார்த்துவிட்டேன் அண்ணா. வலது முன்பக்கத்தில் டை நேராகப் பம்ப் ஸ்டாப் வரை போய் உட்கார்ந்திருக்கிறது. இடதுபக்கம் பம்ப் ஸ்டாப் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, டஸ்ட் கவருக்குள் பொடியாகக் கிடக்கிறது.

பின் ஸ்பிரிங்கைப் பற்றி எப்படிக் கணித்தீர்கள்? ஒரு முனையில் பெயின்ட் இல்லை, கிரைண்டர் வைத்த தடமும் துருவும் தெரிகிறது. முன்பக்கத்தில் மட்டும் நிஜமான லோயரிங் ஸ்பிரிங், அச்சடித்த நம்பர் இருக்கிறது.

ஸ்பேனர்_செட்:

பின்பக்கம் சீட்டில் ஆள் இருந்தால் உரசுகிறது, பில்லும் இல்லை என்றதும் சந்தேகம் வந்தது. முன்னால் காசு செலவழித்துப் பின்னால் கட்டிங் மிஷின் வைப்பது நம் ஊரில் புதிதல்ல.

வெட்டிய ஸ்பிரிங்கில் இரண்டு விஷயம். ஒன்று, சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். வேலை செய்யும் சுற்று 6 இருந்து ஒன்றை வெட்டினால் 5 மிஞ்சும், கடினம் 20 சதவீதம் கூடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் பயம். போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம். ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் ஓரிடம் என்று தனித்தனியாக இருக்கும். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டில் பிடிப்பின்றி ஆடும். வால்பாறை ஏற்றத்தில் உள்சக்கரம் தூக்கிக்கொள்ளும் ஹேர்பின்னில் அது இடம் மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் அந்த வண்டியில் மலை ஏறாதீர்கள். என்ன ஷாக் வாங்கினாலும் சரி, பின் ஸ்பிரிங் குப்பைக்குத்தான்.

வெள்ளலூர்_ரேஸ்கல்:

பி6, பி8 பற்றி நான் சொல்கிறேன், இதில் குழப்பம் அதிகம். பி8 என்றால் பி6-ஐவிடப் பெரியது, உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. இரண்டும் ஒரே ஜாதி மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) கேஸ் ஷாக். பி6 ஒரிஜினல் உயரத்தில் இருக்கும் வண்டிக்கு. பி8 லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டிக்காக நீளம் குறைத்தது. இறக்கிய பிறகும் உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் ஓட இடம் கிடைக்கும், சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் கழன்று ஆடாது. பி8-ஐ ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு போட்டால் அதுவும் தப்பு. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ராட் சீக்கிரமே முழுதாக நீண்டு ‘டங்’ என்று மேல்முட்டும். பி4 என்பது ஒரிஜினலுக்கு மாற்று, அவ்வளவுதான். கோனி கம்பெனியின் மஞ்சள் ஷாக்கும் நல்லதுதான். அதில் திருகி மாற்றுவது ஸ்பிரிங் விரியும்போது பிடிக்கும் அளவை மட்டும், உயரத்தை அல்ல.

‘ஸ்பிரிங் டைட் ஆனதால் ஷாக்கும் ரொம்ப டைட்டாக வேண்டும்’ என்பது இன்னொரு கட்டுக்கதை. ஸ்பிரிங் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் டேம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் பலம்) கூட வேண்டும். ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் ஷாக் ஏறக்குறைய 14 சதவீதம் கூடினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் சக்கரம் ரோட்டோடு ஒட்டாமல் துள்ளும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் இருக்கிற வழவழப்பான தாரில் அது தெரியாது, பொள்ளாச்சி ரோட்டில் முதுகுக்குத் தெரியும்.

டர்போ தம்பிக்கு: பட்ஜெட் காயிலோவர்கள் பலவற்றில் உயரம் மாற்றுவது ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டை மரையில் ஏற்றி இறக்கித்தான். ஷாக் நீளம் அப்படியே இருக்கும். கீழே இறக்க இறக்க, இவர் இப்போது அனுபவிக்கிற அதே இடப்பற்றாக்குறைதான். ஊருக்குள் ஏற்றி ஹைவேயில் இறக்குவேன் என்பதெல்லாம் பேச்சுக்கு. ஒவ்வொரு முறை உயரம் மாற்றும்போதும் வீல் அலைன்மென்ட் மாறும்.

டர்போ_தம்பி:

சரி சரி, ஒரு ஐடியா சொன்னதுக்கு இவ்வளவா!

மெட்ராஸ்_மேனுவல்:

ஸ்பீடு பிரேக்கர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். சாலைகளுக்கு வரையறை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட 99-ஆம் எண் விதிப்படி வளைவான மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று இருந்தது, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு. அப்படிக் கட்டியிருந்தால் லோயர் செய்த போலோவும் உரசாமல் போகும். நம் தெருவில் இருப்பது ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய ஒரு அடி அகலக் கான்கிரீட். ஷாக் தேர்வு செய்யும்போது காகிதத்தில் இருக்கும் ரோட்டை நினைக்காமல் வீட்டு வாசல் ரோட்டை நினையுங்கள்.

சட்டத்தையும் யோசியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. ஒரிஜினல் உயரத்தில் நல்ல ஷாக் மாற்றுவதை எந்த இன்ஸ்பெக்டரும் தடவிப் பார்க்கப்போவதில்லை. தரையோடு தவழும் வண்டியைத்தான் கை காட்டி நிறுத்துவார்கள், கிளெய்ம் போடும்போது இன்ஷூரன்ஸ்காரரும் அதைத்தான் எழுதுவார்.

கோவை_போலோ:

ஜாக்கி போட்டுப் பார்த்தேன், பின் ஸ்பிரிங் கையோடு திரும்புகிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இப்போது இரண்டு வழி யோசிக்கிறேன். அ) பின்பக்கத்துக்கும் அதே செட்டின் லோயரிங் ஸ்பிரிங், நாலு பக்கமும் பி8. ஆ) நாலு பக்கமும் ஒரிஜினல் ஸ்பிரிங், பி6. உயரம் போனால் ஸ்டைல் போய்விடும், அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

ஸ்பேனர்_செட்:

என் வண்டியாக இருந்தால் ‘ஆ’தான், யோசிக்கவே மாட்டேன். நாலு பேர், ஊருக்குள் ஓட்டம், ஆழியாறிலிருந்து 40 ஹேர்பின் என்று நீங்களே சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். பி8 போட்டால் ஷாக்குக்குள் இருக்கிற இடம் சரியாகும், தரைக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கிற இடம் கூடாது. பின்பக்கம் உரசுவது அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். இறக்க இறக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கும். அதாவது உயரம் குறைந்தும் வளைவில் சாய்வு கூடப் பார்க்கும், கடினமான ஸ்பிரிங்தான் அதை மறைக்கிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறி டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) கெடும். உங்கள் டயர் உள் ஓரம் தேய்ந்ததற்கு டோதான் முதல் சந்தேகம், கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்து நிற்கும் அளவு) அதற்கு அப்புறம்.

மாட்டும் இடத்தில் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை, இதில் கூச்சம் வேண்டாம்:

போலோ ஸ்ட்ரட் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சொருகி ஒரு போல்ட்டால் இறுக்கும் வகை. நக்கிளில் இருக்கும் பிளவை விரிக்க ஸ்பிரெடர் பிட் இருக்கிறது. உளியை வைத்துச் சுத்தியால் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கக்கூடாது, ராட் உள்ளே சுற்றிப் புது சீல் அன்றைக்கே போகும். ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் புதிது. இவற்றில் மிச்சம் பிடித்தால் திரும்பவும் பிரிக்க வேண்டிவரும்.

எல்லாவற்றிலும் முக்கியம் இது: லோயர் ஆர்ம், பின் ஷாக்கின் கீழ் போல்ட் இரண்டையும் வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக்கூடாது. சக்கரத்தில் எடை ஏற்றிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும், வண்டியும் நிஜ உயரத்தில் உட்காராது. பழைய உயரத்துக்குப் போகிற உங்களுக்கு இது இன்னும் அவசியம். பழைய ஓனர் இறக்கிய உயரத்தில் இறுக்கியிருந்தால் லூஸ் செய்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

பார்ட் நம்பரை ஐரோப்பியப் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காமல், சேசிஸ் நம்பரைக் கொடுத்து, கழற்றிய ஸ்ட்ரட்டின் விட்டத்தையும் அளந்து சொல்லி வாங்குங்கள்.

கோவை_போலோ:

அப்படியானால் ‘ஆ’. ஒரிஜினல் ஸ்பிரிங் நாலும் ஆர்டர் போட்டாயிற்று, பி6-க்கு சேசிஸ் நம்பர் கொடுத்திருக்கிறேன். மாட்டியதும் அதே நாளில் அலைன்மென்ட் செய்யலாமா, இல்லை கொஞ்சம் ஓட்டிவிட்டா?

வெள்ளலூர்_ரேஸ்கல்:

அன்றைக்கே டோவை மட்டும் சரியாக்கிக்கொள்ளுங்கள், டயர் பாவம். புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் முழு அலைன்மென்ட். முன்பக்கம் கேம்பருக்குத் தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, சப்ஃப்ரேமை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) நகர்த்தி இடது வலதைச் சமன் செய்யலாம், அவ்வளவே. பின்பக்கம் பீம் என்பதால் அளவு எழுதிக்கொடுப்பார்கள், திருக எதுவும் இல்லை. உயரம் மாறுவதால் ஹெட்லைட் லெவலையும் பார்க்கச் சொல்லுங்கள், பலரும் மறந்துவிடுகிறார்கள்.