கணவரின் தாயிடம் யாரும் கேட்காத கேள்வி

2018 ஆம் ஆண்டு என் முதற்பிள்ளையைச் சுமந்தபோது குருதியமுக்கம் கூடி எனக்கு நடந்ததை, இப்போது கர்ப்பமாக இருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவள். கணவரின் ஊர் களுவாஞ்சிகுடி.

எங்கள் வீட்டில் அரச கிளினிக்கைத் தாழ்வாகவே பார்ப்பார்கள். வாங்கில் வரிசையாக இருந்து நிறை பார்ப்பதும், திரிபோஷா என்னும் சத்துமாப் பைக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியால் வருவதும் இல்லாதவர்களுக்கு உரியவை என்பது என் பெரியம்மாவின் எண்ணம். ஆகவே நகரத்தில் ஒரு விசேட வைத்திய நிபுணரிடம் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, காட்டினோம். மருத்துவமாது கொண்டுவந்து தந்த திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அந்த நல்ல மா, பக்கத்து வீட்டுக்குப் போனது. அவ்வீட்டுப் பிள்ளைகள் அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்து உண்பதை மதிலுக்கு மேலால் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஆசையாக இருக்கும், கேட்க வெட்கப்பட்டேன்.

தாய்க்கோ சகோதரிக்கோ கர்ப்ப காலத்தில் பிறசர் இருந்ததா என்று நிபுணர் கேட்டபோது, இல்லை என்றேன். அது உண்மைதான். எங்கள் பகுதியில் குடி என்னும் குலவழி தாய்வழியாக வருவது, வீடும் பெண்பிள்ளைக்கே போவது. அதனாலோ என்னவோ வருத்தத்தையும் தாய்வழியில் மட்டுமே தேடிப் பழகிவிட்டோம்.

29 ஆவது வாரத்தில் மருத்துவமாது வீட்டுக்கு வந்தார். என் கணைக்காலைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. குருதியமுக்கம் 150/100, சிறுநீரில் புரதம். 20 வாரங்களுக்குப் பின் அமுக்கம் 140/90 ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் கண்டால் அது பிரீஎக்லாம்சியா என்னும், வலிப்பு வரை போகக்கூடிய கர்ப்பகால நோயாக இருக்கலாம் என்று சொல்லி, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார். வாட்டில் தங்கியிருந்து, 33 ஆவது வாரத்தில் 1.6 கிலோ நிறையுடன் மகன் பிறந்தான்.

நான் வாட்டில் இருந்தபோதுதான் மாமி, என் கணவரின் தாய், கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்த பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி, மெல்லச் சொன்னார்: "மகள், இவன் வயித்தில இருக்கக்குள்ள எனக்கும் கால் வீங்கி, கண் இருட்டி, வலிப்பும் வந்தது. சம்பந்தம் கலைஞ்சிரும் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கல்ல." பாடசாலை அதிபர் குடும்பம் என்ற பெயருக்கு வலிப்பு பொருந்தாது என்று, உறவினரிடம் அதைக் 'காற்றுப் பட்டது' என்றே சொல்லியிருக்கிறார்கள். என் அடுத்த கட்டிலில் இருந்த நாவலடிப் பெண்ணோ, மீன்பிடிக் குடும்பத்தவர், தன் மாமிக்கும் மச்சாளுக்கும் வந்ததையெல்லாம் கேட்டவருக்குக் கேட்டபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு வைத்தியர் எனக்கு விளக்கினார். நச்சுக்கொடி தாயின் உறுப்பன்று. அது பிள்ளையின் பரம்பரை அலகுகளால் (மரபணுக்களால்) உருவாவது, அவற்றில் பாதி தகப்பனுடையவை. ஆகவே பிரீஎக்லாம்சியா வந்த தாயின் வயிற்றில் பிறந்த ஆண், தன் மனைவிக்கும் அந்த ஆபத்தைக் கொண்டுவரக்கூடும். சுவீடனில் செய்யப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு, இந்நோய்க்கான காரணத்தில் ஏறக்குறைய 35 வீதத்தைத் தாயின் பரம்பரையலகுகளுக்கும் 20 வீதத்தைப் பிள்ளையினுடையவற்றுக்கும் உரியதாகக் கணித்தது. 13 ஆவது நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோமிலுள்ள) எஃப்.எல்.டி.1 என்னும் அலகுக்கு அருகே, பிள்ளையின் பரம்பரையலகுத் தொகுதியில், இந்நோயுடன் தொடர்புள்ள மாறுபாடு இருப்பது 2017 இல் தெரியவந்தது. அந்த அலகிலிருந்து நச்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதம் அளவுமீறித் தாயின் குருதியில் கலக்கும்போது குருதிக்குழாய்கள் பழுதடைகின்றன.

மாமியின் கதை முன்பே தெரிந்திருந்தால் நோயே வந்திராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரந்தோறும் அமுக்கம் பார்த்திருப்பார்கள். இரண்டாவது பிள்ளைக்குக் கிளினிக்கிலேயே முதலில் பதிந்தேன். வைத்தியரின் ஆலோசனைப்படி 12 ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தேன். 38 ஆவது வாரத்தில் மகள் பிறந்தாள்.

இப்போது என் கணவரின் தங்கை எட்டு வாரக் கர்ப்பிணி. சென்ற கிழமை மாமியே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று, வாங்கில் வரிசையில் இருந்து, முறை வந்ததும் தனக்கு வலிப்பு வந்ததைத் தன் வாயாலேயே சொல்லி அட்டையில் எழுதுவித்திருக்கிறார்.