ரக்பி: 'ட்ரை'க்குத் தமிழில் என்னங்க?

கோபியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். இங்கே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரக்பி பழக்குகிறேன். சுவரில் மாட்ட விதிகளை ஃப்ளெக்ஸ் அடிக்கணும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மேட்டர் கேட்கிறார் கடைக்காரர். ஆட்டம் இதுதான்: அணிக்கு 15 பேர், 40 நிமிடமாக இரண்டு பாதி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். கையால் முன்பக்கம் மட்டும் போடக்கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் 'ட்ரை', 5 புள்ளி. அடுத்து கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே உதைத்தால் இன்னும் 2.

'ட்ரை'க்கு 'முயற்சி' என்று கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பொண்ணு, "முயற்சி பண்ணினாலே அஞ்சு மார்க்குங்களா சார்?" என்றது. எனக்குப் பதில் வரவில்லை. ட்ரை, ஸ்க்ரம், ரக், மால், ஹூக்கர். ஐந்துக்கும் சொல் கொடுங்க.

தாராபுரத்திலிருந்து:
ஐந்து இருக்கட்டும், தலைப்பே பிழை. ரகரம் மொழிமுதல் வராது. ககர மெய்யை அடுத்துப் பகரம் எப்படி வரும்? க், ச், த், ப் நான்கும் தம்மொடு தாமே மயங்கும். ஆக, 'இரகுபி'.

பெருந்துறையிலிருந்து:
ஐயா, 'இரகுபி'ன்னு எழுதினா பக்கத்து வகுப்பு ரகுபதியைக் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கும். ரக்பி இங்கிலாந்தில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பள்ளியின் பெயரில் வந்த ஆட்டம். பவானி ஜமக்காளத்தில் பவானியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

ட்ரைக்கு வருவோம். 'முயற்சி' தப்பில்லை, பழசு. அந்தக் காலத்தில் கோட்டுக்கப்பால் பந்தை வைத்ததற்குப் புள்ளியே கிடையாது. கம்பத்துக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புத் தருவார்கள். அதற்குத்தான் ட்ரை என்று பேர். அப்புறம் அதற்கே புள்ளி வந்து, ஏறி ஏறி 1992இல் 5 ஆனது. காரணம் செத்த பிறகும் நிற்கிற பெயரை நாம் எதுக்குங்க சுமக்கணும்? செய்கையைப் பாருங்க. பந்து கை நழுவி விழுந்தால் செல்லாது. கை பந்தின்மேல் இருக்க, பந்து மண்ணில் படணும். எங்க தோட்டத்தில் சின்ன வெங்காயம் அப்படித்தான் ஊன்றுகிறோம். தூவுறது வேற, ஊன்றுறது வேற. 'ஊன்று' என்று வையுங்க.

பொள்ளாச்சியிலிருந்து:
'ஊன்று'க்கு என் ஓட்டு. உதையையும் அதை வைத்தே விளக்கலாம். ஊன்றிய இடத்துக்கு நேர் பின்னாலிருந்துதான் உதைக்கணும். ஓரத்தில் ஊன்றினால் கோணம் கெட்டுப்போகும். கோட்டைத் தாண்டின பிறகும் கம்பத்தடிக்கு வளைஞ்சு ஓடுறது அதுக்குத்தான். பந்து பார்க்க உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது. 'தேங்காய்ப்பந்து'ன்னு வெச்சுட்டா இரகுபி சண்டையும் தீரும்.

தாராபுரத்திலிருந்து:
தேங்காய் என்றீர்கள், தெங்கு + காய். தெங்கு தென்திசையிலிருந்து வந்ததால் பெற்ற பெயரா, தெங்கால்தான் திசைக்கே அந்தப் பெயரா என்று

(மிச்சம் நாலு பத்தி. வெட்டிவிட்டேன், மன்னிக்கணும். - பெருந்துறை)

காங்கேயத்திலிருந்து:
ஸ்க்ரம், ரக், மால் மூணையும் 'முட்டு' என்று ஒரே குடும்பமாக வைக்கலாமுங்க. சின்னத் தவறுக்கு ஆட்டத்தை நிறுத்தி, நடுவர் சொல்ல எட்டெட்டுப் பேர் பிணைந்து தள்ளுவது ஸ்க்ரம்: கட்டுமுட்டு. பந்து தரையில் கிடக்க, அதன்மேல் இரண்டு பக்கத்து ஆளும் நின்று தள்ளுவது ரக்: தரைமுட்டு. பந்து வைத்திருப்பவரை எதிராளி பிடிக்க, அவர் விழாமல் நிற்க, சொந்த அணிக்காரரும் வந்து பிணைவது மால்: தாங்குமுட்டு. ஹூக்கர் ஸ்க்ரமில் முன்வரிசை நடு ஆள். காலால் பந்தைக் கொக்கி போட்டுப் பின்னால் இழுப்பார். அதுக்குத் தொரட்டிங்க. ஆட்டுக்குத் தழை ஒடிச்ச எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டாம்.

கோபியிலிருந்து:
தொரட்டி அருமைங்க. ஆனா 'முட்டு' வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்க பசங்க கிடா மாதிரி தலையைக் குனிஞ்சு பாய்வானுங்க. ஸ்க்ரமில் கழுத்துதான் எனக்குப் பயம். தோளுக்கு மேல் பிடித்தாலே தண்டனை உதை கொடுக்கிற ஆட்டம் இது.

காங்கேயத்திலிருந்து:
அப்போ 'பூட்டு'. ஏர் பூட்டுற பூட்டு. தோளோடு தோள் சேரும், தலை மோதாது.

பொள்ளாச்சியிலிருந்து:
இரண்டாம் வரிசை ஆளுக்கே லாக் என்று பேருங்க. நாளைக்கு அவருக்கு என்ன வைப்பீங்க? திண்டுக்கல்லா?

தாராபுரத்திலிருந்து:
'தொரட்டி' கொச்சை. துறட்டி.

கோபியிலிருந்து:
மணி பன்னிரண்டு. கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். ஊன்று, தொரட்டி இரண்டும் போகுது. ஸ்க்ரம், ரக், மால் அப்படியே இருக்கட்டும். அடுத்த ஃப்ளெக்ஸுக்குப் பார்க்கலாம். நேற்றே ஒரு பிள்ளை கோட்டைத் தாண்டினதும் மற்றதெல்லாம் "ஊனு, ஊனு!"ன்னு கத்துச்சுங்க.

தாராபுரத்திலிருந்து:
'ஊன்று' என்று கத்தச் சொல்லவும். இரகுபி குறித்து யாரும் இன்னும் மறுப்புச் சொல்லவில்லை.