கால் வளையத்தை அழித்தால் பறவைப் படத்தின் தரம் உயருமா?

மாயேபூர்வாசி:
மொரீஷியஸில் மாயேபூருக்கு எதிரே உள்ள இல் ஒஸேக்ரெத் தீவில், கருங்காலிக் கிளையில் அமர்ந்திருந்த இளஞ்சிவப்புப் புறாவை எடுத்த படத்தை இங்கே இட்டிருக்கிறேன். கால்களில் இருந்த வண்ண வளையங்களை போட்டோஷாப்பில் நீக்கியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சையும் மஞ்சளுமான அந்த பிளாஸ்டிக், பார்ப்பவரின் பார்வையை முகத்திலிருந்து காலுக்கு இழுத்துவிடுகிறது. ஒரு படத்தின் தரத்தைக் கண்ணுக்குத் தெரியும் அழகைக் கொண்டே மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கருநதி:
அண்ணா, கண்ணில் குவியம் துல்லியமாக இருக்கிறது, பின்னணியும் உறுத்தவில்லை. ஆனால் வளையத்தை அழித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1990 வாக்கில் காட்டில் ஏறத்தாழ 10 புறாக்களே எஞ்சியிருந்தன. கூண்டில் இனப்பெருக்கம் செய்வித்துக் காட்டில் விட்டு, எலிகளையும் பூனைகளையும் கட்டுப்படுத்தி, தீனி வைத்துக் காத்ததால்தான் இன்று சில நூறு பறவைகள் இருக்கின்றன. 2018இல் அதன் அழிவு அபாய நிலையையும் ஒரு படி குறைத்தார்கள். எந்தப் பறவை எங்கே கூடு கட்டியது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைக் களப்பணியாளர்கள் அந்த வண்ணங்களைப் பார்த்தே அறிகிறார்கள். வளையமில்லாத புறாவைப் பார்ப்பவர், மனிதர் துணையின்றிப் பிழைத்த பறவை என்றே நம்பிவிடுவார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியிலும் இப்படி நீக்கிய படத்தை ஏற்பதில்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத மூலக் கோப்புகளை (ரா) கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள்.

மாயேபூர்வாசி:
போட்டியின் விதி வேறு, படத்தின் தரம் வேறு, தம்பி. பக்கத்தில் இருந்த தீனிப்பெட்டி படத்தில் விழாதபடி நான் சற்றுத் தள்ளி நின்றேன். அதை நீங்கள் பொய் என்று சொல்லவில்லை. நின்ற இடத்தால் விலக்கலாம், மென்பொருளால் விலக்கக் கூடாது என்பது எந்த நியாயம்?

ரோஸ்ஹில் வாசகி:
ஐயா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை இடுக்கில் இறங்கிய வெயில் புறாவின் நெற்றியில் விழுந்து, அங்கே இறகின் விவரமே இல்லாமல் வெள்ளைத் திட்டாகிவிட்டது. இவ்வளவு வெளிறிய பறவையை நிழற்காட்டில் எடுக்கும்போது கேமராவின் வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) குறைத்திருந்தால் அது தப்பியிருக்கும். கேமராவின் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 வரை உயர்த்தும்போது எழும் புள்ளிகளை அளவுக்கு மீறித் துடைத்ததால் மார்பிறகுகள் மெழுகு பூசியதுபோல் இருக்கின்றன. புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம், போன இறகு திரும்பாது. வளையம் இருந்த இடத்தில் கீழே உள்ள செதில்களையே நகலெடுத்து ஒட்டியிருப்பதால், ஒரே கீறல் இரண்டு முறை வருகிறது. அழகை மட்டும் அளவுகோலாகக் கொண்டாலும் அந்தக் கால் தேறாது.

மாயேபூர்வாசி:
செதில்களை மீண்டும் திருத்துகிறேன். நெற்றி வெயிலை மாற்ற மாட்டேன். அந்தக் காட்டில் ஒளி அப்படித்தான் விழுகிறது, அதைச் சமன்செய்தால் ஸ்டூடியோப் படமாகிவிடும்.

கருநதி:
வெயில் அங்கே இருந்ததால் அதை மாற்ற மாட்டேன் என்கிறீர்கள், அண்ணா. வளையமும் அங்கேதான் இருந்தது. தள்ளி நிற்பது எதைக் காட்டுவது என்ற தேர்வு. தேர்ந்தெடுத்துக் காட்டிய உடலிலிருந்து ஒன்றை அழிப்பது அந்தத் தேர்வில் அடங்காது.

மாயேபூர்வாசி:
ஆவணமாக இடும்போது வளையத்தோடு இடுவேன். என் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தில் அது இருக்காது.

கருநதி:
சுவரில் மாட்டுவது உங்கள் விருப்பம். வெளியார் பார்க்கும் இடத்தில் வைத்தால், வளையம் நீக்கப்பட்டது என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். அதுவரை என் மறுப்பு நிற்கும்.